சத்தம் போடாத வாத்து வீட்டில் வளர்க்கலாமா? மஸ்கோவி பற்றி ஒரு கேள்வி

முடிச்சூர்வாசி:
வணக்கம். முடிச்சூரில் தனி வீடு. பின்பக்கம் இருபதுக்கு முப்பது அடி மண் தரை, ஒரு முருங்கை, இரண்டு வாழை. போன வருடம் வரை நாட்டுக்கோழி வைத்திருந்தேன். சேவல் விடிகாலை மூன்றரைக்கே கூவும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாலும் காலையில் அந்த அம்மா தூக்கமில்லாத கண்ணோடு வாசல் தெளிப்பதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை, எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவிட்டேன். கூடு காலியானதிலிருந்து என் மகள் பின்பக்கம் போவதே இல்லை. மஸ்கோவி வாத்து கத்தாது, நோயும் சுலபமாக வராது என்கிறார்கள். உண்மைதானா? குளம் வேண்டுமா? மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் தேங்கும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மாங்காடு வாத்துக்காரன்:
ஆறு வருடமாக வளர்க்கிறேன் சார். கத்தாது என்பது உண்மை. ஆண் 'புஸ் புஸ்' என்று காற்று விடும், அவ்வளவுதான். பெட்டை மெல்ல விசில் மாதிரி ஏதோ முனகும்; பிடித்துத் தூக்கினாலோ நாய் வந்தாலோ மட்டும் கொஞ்சம் சத்தம் வரும். இதற்குக் காரணம் இருக்கிறது. வயலில் மேய்க்கிற நம் வாத்து, காக்கி கேம்பெல், வெள்ளை பெக்கின் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழியில் வந்தவை. மஸ்கோவி தனி இனம், மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை காட்டில் மரக்கிளையில் அடைகிற பறவை. அதனால்தான் காலில் கூரான நகம், அதனால்தான் சுவர் கண்டால் ஏறி உட்காரும். ஆண் ஐந்து கிலோ வரை வரும், அதற்குப் பறக்கச் சோம்பல். பெட்டை பாதி எடைதான், சாதாரணமாக மதிலைத் தாண்டிப் போய்விடும். ஒரு பக்க இறக்கையில் மட்டும் பறக்கும் சிறகுகளைக் கத்தரிக்க வேண்டும். வலிக்காது, ஆனால் புதிதாக முளைக்கிற இளஞ்சிறகில் ரத்தம் ஓடும், அதை வெட்டாதீர்கள். சிறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும்.

குளம் வேண்டாம். தலை முழுக்க முங்குகிற ஆழத்தில் ஒரு டப் போதும், கண்ணும் மூக்குத்துளையும் கழுவ முடியாவிட்டால் அழுக்கு அடைத்துப் புண்ணாகும். தண்ணீரைத் தினமும் கவிழ்த்து வாழைக்கு ஊற்றுங்கள், ஒரு வாரம் நின்றால் டெங்குக் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. ஒற்றையாக மட்டும் வளர்க்காதீர்கள், ஏங்கிப்போகும். ஒரு ஆண், மூன்று பெட்டை உங்கள் இடத்துக்குச் சரி.

வேளச்சேரி அக்கா:
தம்பி, மழையைப் பற்றி நான் சொல்கிறேன். வாத்துதானே, மழையில் நனைந்தால் என்ன என்று முதல் வருடம் நினைத்தேன். பெரிய வாத்துக்கு ஒன்றும் ஆகாது. தாய் இல்லாமல் வாங்கி வந்த குஞ்சுகளுக்கு உடம்பில் எண்ணெய்ப் பூச்சு வந்திருக்காது, நனைந்து விறைத்து ஒரே ராத்திரியில் நான்கு போய்விட்டது, இன்னும் அந்த நவம்பரை மறக்க முடியவில்லை. கூண்டுக்கு ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டரை அடி உயரத்தில் தளம் போடுங்கள், மேலே வைக்கோலோ மரத்தூளோ. தரை சேறாகவே கிடந்தாலும், வெறும் சிமெண்டாக இருந்தாலும் பாதத்தில் புண் வரும். பெருச்சாளிக்கு வலை கெட்டியாக இருக்க வேண்டும், கோழி வலையை அது கடித்துவிடும்.

அப்புறம் அடை. மஸ்கோவி பெட்டை மாதிரி பொறுமையான தாயை நான் பார்த்ததில்லை. ஆனால் இதன் முட்டை பொரிக்க 35 நாள் ஆகும், மற்ற வாத்துக்கு 28. அது தெரியாமல் 30ஆவது நாள் கூமுட்டை என்று நினைத்து ஒன்றை உடைத்துப் பார்த்தேன், உள்ளே குஞ்சு உயிரோடு இருந்தது. யாரும் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பண்ணை உதவியாளர்:
நோய் வராது என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கோழியைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் இரண்டு இடத்தில் ரொம்ப மென்மை. ஒன்று பூஞ்சை. ஈரம் பட்ட மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கில் வளரும் பூஞ்சையின் அஃப்லாடாக்சின் என்ற நச்சு கோழியைவிட வாத்தின் ஈரலைச் சீக்கிரம் கெடுக்கும், சென்னை மழையில் மூட்டையைத் தரையில் வைத்தால் போதும், காரியம் கெட்டது. முகர்ந்து பார்த்து மக்கல் வாசனை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். இன்னொன்று குஞ்சுகளுக்கு நியாசின் சத்து கோழிக்குஞ்சைவிட அதிகம் வேண்டும், வெறும் குருணையும் தவிடும் போட்டால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். குஞ்சுத் தீவனத்தில் நியாசின் உள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கொஞ்சம் கலந்தால் சரியாகும். பெரிதான பிறகு தவிடு, கம்பு, கீரை, அசோலா என்ற நீர்ப்பாசி மாதிரிச் செடி, நத்தை எல்லாம் சாப்பிடும். உப்புப் போட்ட மிச்சச் சாப்பாடு வேண்டாம்.

வாத்து பிளேக்குக்குத் தடுப்பூசி இருக்கிறது, எட்டு வாரத்துக்கு மேல் போடுவார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள், உங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் பக்கம்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினால், வேறு பறவை எதுவும் வீட்டில் இருக்கும் பட்சத்தில், இரண்டு வாரம் தனியாக வைத்த பிறகு சேருங்கள்.

போரூர் மாடி:
முட்டைக்காக என்றால் மஸ்கோவி வேண்டாம், காக்கி கேம்பெல் வருடத்துக்கு 250க்கு மேல் இடும், இது அதில் பாதிகூட வராது. ஆனால் காக்கி கத்தும், உங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பிவிடும். இன்னொன்று, பெரிய ஆணை உங்கள் மகள் தூக்க வேண்டாம், நகம் கையைக் கிழித்துவிடும். குஞ்சிலிருந்தே கையில் தீனி கொடுத்துப் பழக்கினால் பின்னாலேயே வரும்.

முடிச்சூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முட்டை எங்களுக்கு முக்கியமில்லை. அக்கா, 35 நாளைக் காலண்டரில் குறித்துவைக்கிறேன். மழை முடிந்து தை பிறந்த பிறகு வாங்கலாம் என்று முடிவு, அதற்குள் தளம் போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், குஞ்சு வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம்: முருங்கைக் கிளை ஒன்று மதிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, பெட்டை அதில் ஏறுமா, இப்போதே வெட்டிவிடவா?

மாங்காடு வாத்துக்காரன்:
கண்டிப்பாக ஏறும். இப்போதே வெட்டிவிடுங்கள் சார், இலையைக் காய வைத்தால் வாத்துக்கே போடலாம்.