உதவி: பழைய லேப்டாப்பில் ஆண்டிஎக்ஸ் லினக்ஸ் போட்டாச்சு, ஆனால் அப்டேட் ஆகவில்லை, எந்தத் தளமும் திறக்கவில்லை

கேள்வி (28 நவம்பர் 2025)

வணக்கம் நண்பர்களே. மாலையில் எங்களிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஐந்து பழைய லேப்டாப்புகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டுப் பரணில் வருடக்கணக்காகக் கிடந்தவை. ஐந்துமே கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். உள்ளே 32 பிட் விண்டோஸ் 7 இருந்தது. அதனால் பழைய பெட்டிகளுக்கு ஏற்ற இலகுவான லினக்ஸான ஆண்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி நான்கு பெட்டிகளில் நிறுவினேன். நிறுவும்போது ஒரு தொந்தரவும் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வைஃபை இணைகிறது, பிங் போகிறது. ஆனால் ஃபயர்பாக்ஸில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்று எச்சரிக்கை வருகிறது. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க டெர்மினலில் ஆப்ட் அப்டேட் (apt update) கொடுத்தால் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் 6541 நாளுக்குச் செல்லாது' என்ற பொருளில் ஒரு பிழை. மிரரை (அப்டேட் இறங்கும் சர்வரை) மாற்றிப் பார்த்தேன். நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பை மறுபடி இறக்கினேன். ஒரு பெட்டியில் இரண்டு முறை அழித்து நிறுவியும் விட்டேன். அதே பிழைதான்.

ஐந்தாவது பெட்டியில் மட்டும் நண்பர் ஒருவர் லுபுண்டு 24.04 என்ற வேறொரு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். அதில் தளங்கள் திறக்கின்றன, அப்டேட்டும் ஆகிறது, ஆனால் மிகவும் திணறுகிறது. அப்படியானால் ஆண்டிஎக்ஸ் இந்தப் பெட்டிகளுக்கு ஒத்துவராதா? வேறு எதைப் போடலாம்? அடுத்த வாரம் பிள்ளைகளிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி வந்து நிற்கும், எஃப்1 அடித்தால் போய்விடும். விண்டோஸ் இருந்தபோதும் ஐந்திலும் அப்படித்தான்.

பதில் 1

2 ஜிபிக்கு பப்பி லினக்ஸ் போட்டுப் பாருங்க. முழுசா ரேமிலேயே ஓடும், பழைய டிஸ்க்கை நம்பி இருக்க வேண்டாம். என்கிட்ட இருக்கிற பழைய பெட்டியில் அதுதான் ஓடுது.

பதில் 2

நண்பரே, கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். 6541 நாள் என்பது ஏறக்குறைய 18 வருடம். இன்றைய தேதியிலிருந்து அத்தனை நாள் பின்னோக்கிப் போனால் 2008 ஜனவரி 1-இல் போய் நிற்கும். உங்கள் லேப்டாப் இன்று அந்தத் தேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டிஎக்ஸுக்கு அடித்தளம் டெபியன் லினக்ஸ். டெபியனின் ரிலீஸ் கோப்பில் அது உருவான தேதி இருக்கும். 2008-இல் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது இன்னும் பிறக்காத கோப்பு, ஆகவே ஆப்ட் ஏற்க மறுக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இதே கதைதான். அதனால்தான் மிரரை மாற்றியும் பயனில்லை.

டெர்மினலில் டேட் (date) என்று மட்டும் அடித்து, என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள்.

லுபுண்டுவில் மட்டும் ஏன் பிழை இல்லை? அதிலும் கடிகாரம் தவறாகத்தான் இருக்கும். அதில் பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி (systemd) இருக்கிறது, அதோடு வரும் டைம்சிங்க் சேவை வைஃபை கிடைத்த சில நொடிகளில் நேரத்தை வாங்கிச் சரிசெய்துவிடும். நீங்கள் உலாவியைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆண்டிஎக்ஸில் சிஸ்டம்டி கிடையாது, எனவே அந்தச் சேவையும் வராது. ஆண்டிஎக்ஸ் மேல் பழி போடாதீர்கள், இந்த ரேமுக்கு அது நல்ல தேர்வு.

கேட்டவர்

அப்படியே சொல்லிவிட்டீர்கள்! 2008 ஜனவரி 1, நள்ளிரவு கடந்து 14 நிமிடம் என்று காட்டுகிறது. நான்கிலும் 2008 தான். திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, மணி மட்டும்தான் தெரியும், தேதியைப் பார்க்கவே தோன்றவில்லை.

கையால் தேதியைச் சரிசெய்தேன். ஆப்ட் அப்டேட் உடனே ஓடியது, தளங்களும் திறந்தன. ஆனால் இரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்று காலை ஆன் செய்தால் மறுபடி 2008. கூடவே, சூப்பர்பிளாக்கில் (டிஸ்க்கைப் பற்றிய குறிப்பு இருக்கும் இடம்) கடைசியாக மவுண்ட் ஆன, அதாவது டிஸ்க் பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று டிஸ்க் சோதனையும் ஓடியது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில் 2

டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. நேற்று சரியான தேதியில் மவுண்ட் ஆனது, இன்று பெட்டி 2008-க்குத் திரும்பிவிட்டது. ஆகவே நேற்று என்பது அதற்கு எதிர்காலம்.

வேர் அந்த எஃப்1 வரியில் இருக்கிறது. நிதானமாகப் படித்தால் தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்றோ, சிமாஸ் பேட்டரி தீர்ந்தது என்றோ இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்னச் செல் அது. பரணில் கிடந்த வருடங்களில் செத்திருக்கும். பெரிய பேட்டரியும் போய்விட்டதால் பிளக்கை எடுத்ததும் எல்லாம் மறந்துபோகிறது. தேதியோடு பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) நீங்கள் மாற்றிய மற்ற அமைப்புகளும் பழைய நிலைக்குப் போகலாம், பூட் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லை மாற்றுங்கள். அடாப்டரையும் பெரிய பேட்டரியையும் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். பல லேப்டாப்புகளில் இது சிஆர்2032 என்ற 3 வோல்ட் செல்தான். சிலதில் வெறும் செல் குழியில் உட்கார்ந்திருக்கும், சிலதில் பிளாஸ்டிக் உறை போட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயரோடு சின்ன கனெக்டரில் இருக்கும். மேலே எம்எல் என்று தொடங்கும் எண் இருந்தால் அது சார்ஜ் ஆகும் வகை. அந்த இடத்தில் சிஆர்2032 போடவே கூடாது, அது சார்ஜ் ஏற்றுவதற்கானது கிடையாது, ஆபத்து.

மாற்றியதும் பயாஸிலேயே தேதியை வையுங்கள். லினக்ஸிலிருந்து வைத்தால், டேட் கட்டளையோடு நிறுத்தாமல் ஹெச்டபிள்யூகிளாக்கை சிஸ்டோஹெச்சி தெரிவோடு (hwclock --systohc) ஓட்டுங்கள். அப்போதுதான் நேரம் வன்பொருள் கடிகாரத்துக்குள் இறங்கும்.

பதில் 3

கடிகார விஷயம் அவர் சொன்னது சரி. நான் வேறொன்று சொல்ல வேண்டும். லுபுண்டு 24.04 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. அது உங்கள் பெட்டியில் ஓடியதே போதும், பிராசசர் 64 பிட் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கோர் 2 டியோ எல்லாமே 64 பிட்தான், விண்டோஸ்தான் 32 பிட்டாகப் போட்டிருந்தார்கள். சந்தேகம் இருந்தால் எல்எஸ்சிபியூ (lscpu) என்று அடித்து இரண்டாவது வரியைப் பாருங்கள்.

ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 32 பிட்டுக்கு வழி அடைபட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல் பெட்டிகளுக்கு இன்ஸ்டாலரே இல்லை. ஃபயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்பு முதல் 32 பிட் லினக்ஸுக்கு வருவதில்லை, நீண்ட காலம் அப்டேட் பெறும் பதிப்பான இஎஸ்ஆர் 140 மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பிள்ளைகள் பயன்படுத்தப்போவது பெரும்பாலும் உலாவியைத்தான். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகும் பெட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆண்டிஎக்ஸ் 23-இன் 64 பிட் ஐஎஸ்ஓவை இறக்கி, இப்போதே மாற்றிவிடுங்கள். ரேம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும் முன் டிஸ்க்கின் நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதியுங்கள். பென்டிங் செக்டார் (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் சேமிக்கக் கூடாது. லுபுண்டு பெட்டியின் திணறலுக்கு ஸீராம் உதவும். ரேமின் ஒரு பகுதியில் நினைவகத்தைச் சுருக்கி வைக்கும், ரேம் போதாமல் தரவு டிஸ்க்குக்குப் போவது (ஸ்வாப்) குறையும். ஸீராம்-டூல்ஸ் பொதியை நிறுவி, அளவை ரேமில் பாதியாக வைத்துப் பாருங்கள்.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து)

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். மூன்று பெட்டிகளில் உறை போட்ட செல், ஒன்றில் குழியில் உட்காரும் செல். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பழையது எதுவும் ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. மாற்றியதும் எஃப்1 வரி போய்விட்டது. இரவு முழுக்க பிளக் இல்லாமல் வைத்தும் காலையில் தேதி சரியாக இருந்தது. நான்கிலும் 64 பிட் போட்டாயிற்று. லுபுண்டு பெட்டியில் ஸீராம் போட்ட பிறகு இரண்டு மூன்று டேப் திறந்தாலும் உறையவில்லை. ஒரு டிஸ்க்கில் மட்டும் பென்டிங் 24 காட்டியது, அதைக் கழற்றி வைத்துவிட்டேன், வேறு டிஸ்க் தேட வேண்டும்.

ஒரு கேள்வி பாக்கி. லுபுண்டு பெட்டியில் செல்லை போர்டோடு சால்டர் செய்திருக்கிறார்கள். எனக்கு சால்டரிங் பழக்கமில்லை.

பதில் 2

அதைத் தொடாதீர்கள். லுபுண்டு இருப்பதால் நெட் கிடைத்ததும் தேதி தானாகச் சரியாகிவிடும், எஃப்1 மட்டும் அடிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு லேப்டாப்பை யாரிடம் கொடுக்கிறீர்களோ அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் அதிலும் ஆண்டிஎக்ஸ் போடுவதானால், தேதியைக் கையால் வைத்துவிட்டு க்ரோனி பொதியை நிறுவுங்கள், டைம்சிங்க் செய்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.