18 ஆக 9 நாள் பாக்கி, அதனால 52 வருஷம்: சவுத்போர்ட் தீர்ப்பு சரியா தப்பா?

லெஸ்டர்_கொங்கு
தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 2024 ஜூலை 29, இங்கிலாந்துல லிவர்பூலுக்கு மேல சவுத்போர்ட்னு ஒரு கடற்கரை ஊரு. ஸ்கூல் லீவு விட்ட புதுசு, டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டு வெச்சு ஒரு டான்ஸ் கிளாஸ், 26 குழந்தைங்க, பிரேஸ்லெட் கோத்துக்கிட்டு உக்காந்திருக்கும்போது ஒருத்தன் கத்தியோட உள்ள வந்துட்டான். 6, 7, 9 வயசுல மூணு பொண்ணுங்க போயிடுச்சு. இன்னும் 8 குழந்தைங்க, 2 பெரியவங்க குத்துப்பட்டு எப்படியோ பொழைச்சாங்க. 2025 ஜனவரி 23 லிவர்பூல் கோர்ட்ல தீர்ப்பு, ஆயுள் தண்டனை, அதுல குறைஞ்சது 52 வருஷம் உள்ள இருந்தாத்தான் பரோல் பத்தியே பேசலாம்னு. சாகுற வரைக்கும் வெளிய விடாத ‘ஹோல் லைஃப் ஆர்டர்’ ஏன் குடுக்கலைன்னு பாத்தா, அவனுக்கு 18 முடிய 9 நாள் பாக்கியாம்!! ஒம்போது நாள்ங்க. ஆகஸ்ட் 7-க்கு அப்பறம் செஞ்சிருந்தா ஒரு தண்டனை, ஜூலைல செஞ்சதால வேற தண்டனை. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, இதே வயசு. இதை நியாயம்னு எவனாச்சும் எனக்குப் புரிய வைங்க பாக்கலாம்.

மதுரைக்காரன்_82
அண்ணே அப்படியே வழிமொழியறேன். நம்ம டெல்லி 2012 கேஸ்லயும் இதே கதைதானே, 17 வயசுன்னு சொல்லி மூணே வருஷத்துல வெளிய விட்டாங்க.

சட்டப்புலி
ப்ரோ, டெல்லி வேற இது வேற, தயவுசெஞ்சு ரெண்டையும் குழப்பாதீங்க. அங்க 3 வருஷம்தான் உச்சவரம்பு, அதுக்கு மேல குடுக்க சட்டத்துலயே இடமில்ல, 2015 டிசம்பர்ல அந்த ஆள் வெளிய வந்த அதே மாசம்தான் பார்லிமெண்ட்ல சட்டத்தை மாத்துனாங்க. இங்க குடுத்தது 52.

கொங்கு அண்ணா கேட்டதுக்கு வரேன். இங்கிலாந்துல 17 வயசுல ரொம்பக் கொடூரமான கொலை பண்ணவனுக்கு கணக்கு ஆரம்பிக்கிறதே 27 வருஷம். பெரியவங்களுக்கு அது 30, இல்லைன்னா ஹோல் லைஃப். 2022-க்கு முன்னாடி 18-க்குக் கீழ யாரா இருந்தாலும் வெறும் 12-ல இருந்துதான் ஆரம்பிக்கும், அப்புறம்தான் வயசுவாரியா பிரிச்சாங்க. ஜட்ஜ் கூஸ் அந்த 27-ஐ கிட்டத்தட்ட டபுள் ஆக்கிட்டார். 18 தாண்டியிருந்தா ஹோல் லைஃப் குடுத்திருப்பேன், இந்த ஆள் வெளிய வரவே மாட்டான்னுதான் நினைக்கிறேன்னு அவரே சொல்லிட்டார். 52 வருஷம் முடியறப்ப அவனுக்கு 70 வயசு. அன்னிக்கு பரோல் போர்டுல உக்காரப் போறவங்க இன்னும் பொறக்கவே இல்ல. இதைப் போய் ‘சின்னப் பையன்னு விட்டுட்டாங்க’ன்னா எப்படி?

லெஸ்டர்_கொங்கு
தம்பி நம்பரை விடுங்க. வெளிய வரமாட்டான்னு ஜட்ஜுக்கே தெரியுதுன்னா அதை அப்படியே எழுத்துல குடுக்க வேண்டியதுதானே? 2076-ல அந்தக் குடும்பத்துக்கு ஒரு கவர் வரும், ‘பரோல் விசாரணை, உங்க கருத்தை எழுதுங்க’ன்னு. பெத்தவங்க அப்ப இருந்தா 85, 90 வயசு இருக்கும். அந்தக் கவரை எதுக்கு அவங்க கையில குடுக்கணும்? எனக்கு இது ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க.

நான் ஒருத்தன் மட்டும் சொல்லல, அந்தத் தொகுதி எம்.பி. பேட்ரிக் ஹர்லியே இது போதாது, ரிவ்யூ பண்ணுங்கன்னு அட்டர்னி ஜெனரலுக்கு, அதாவது அரசோட தலைமை வக்கீலுக்கு, அனுப்பினார். அவங்க பாத்துட்டு அப்பீலுக்கு அனுப்ப முடியாதுன்னு கைய விரிச்சிட்டாங்க.

சட்டப்புலி
கைய விரிக்காம என்ன பண்ணுவாங்க, சட்டத்துல இல்லாத தண்டனையை அப்பீல் கோர்ட் மட்டும் எங்கருந்து கொண்டு வரும்? ஐ.நா. குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 37-வது பிரிவு, 18-க்குக் கீழ தூக்கும் கூடாது, வெளிய வர வழியே இல்லாத ஆயுளும் கூடாது. பிரிட்டன் கையெழுத்துப் போட்ட நாடு. ஐ.நா.-ல இருக்கற நாடுகள்ல அமெரிக்கா மட்டும்தான் அதை ஏத்துக்கல, அதனாலதான் மிச்சிகன்ல ஸ்கூல்ல நாலு பேரைச் சுட்டுக் கொன்ன 15 வயசுப் பையனுக்கு 2023 டிசம்பர்ல பரோலே இல்லாத ஆயுள் குடுக்க முடிஞ்சுது.

கோடு எங்கயாவது போட்டுத்தானே ஆகணும் அண்ணா. 18-ல போட்டா 9 நாள் முந்தி செஞ்சவன் தப்பிச்சான்னு சொல்றோம், 17-ல போட்டா அடுத்து ஒருத்தன் 17-க்கு 9 நாள் முந்தி செய்வான், இதே திரியை மறுபடி ஆரம்பிப்பீங்க. மான்செஸ்டர் அரீனால பாட்டுக் கச்சேரில குண்டு வெடிச்ச கேஸ்லயும் இதேதான், வெடிச்சவனோட தம்பிக்கு அப்ப 20 வயசு, ஹோல் லைஃபுக்கு 21 ஆகணும்னு இருந்ததால 55 வருஷம் குடுத்தாங்க. ஜனங்க கொதிச்சாங்க, 2022-ல அசாதாரண கேஸ்னா 18-லயே குடுக்கலாம்னு மாத்துனாங்க. ரெண்டே வருஷத்துல 17 வயசுக்காரன் வந்து நிக்கறான்.

யாழ்ப்பெடியன்_ஹரோ
சட்டப்புலி தம்பி, கோடு கதை சரிதான். ஆனா அண்டைக்கு கோர்ட்டில நடந்ததை ஏன் ஒருதரும் கதைக்கேல்ல? தீர்ப்பு வாசிக்கேக்க அவன் அங்க இல்லை. எனக்குச் சுகமில்லை எண்டு கத்திக் கத்தி ரெண்டு தரம் வெளியில கொண்டு போனவை. அந்தத் தாய் தேப்பன்மார் எழுதிக் கொண்டு வந்ததை வெறும் கூண்டைப் பாத்து வாசிச்சினம். வருசக் கணக்கை விட எனக்கு அதுதான் நெஞ்சில நிக்குது.

மதுரைக்காரன்_82
இதுக்குத்தான் சொல்றேன் தூக்குதான் ஒரே வழின்னு. 52 வருஷம் உக்கார வெச்சு சோறு போடணுமா, டிவி குடுக்கணுமா, நம்மாளுங்க அங்க கட்டுற டாக்ஸ்ல

க்ரொய்டன்_பெரியவர்
மதுரைக்காரத் தம்பி, நான் க்ரொய்டனுக்கு வந்து 41 வருஷம் ஆச்சு. பஸ்ல டாம்வர்த் ரோடு பக்கம் போறப்ப ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் எனக்கு முதல்ல சொன்னார், இங்க ஒரு கிடங்கு கூரை மேலதான் நடந்ததுன்னு. 1952 நவம்பர், ரெண்டு பசங்க திருடப் போனாங்க. ஒருத்தனுக்கு 16, அவன் கையில துப்பாக்கி, போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்னது அவன்தான். இன்னொருத்தன் டெரிக் பென்ட்லி, 19 வயசு, மூளை வளர்ச்சி 11 வயசுப் பையன் அளவுதான், சுடற நேரத்துல அவன் ஏற்கனவே போலீஸ் பிடியில இருந்தான். சுட்டவன் 18-க்குக் கீழ, தூக்குல போட முடியாது. போலீஸ்காரர் செத்துட்டார், யாராவது ஒருத்தன் தொங்கணும்னு ஊருக்குக் கோவம். 1953 ஜனவரி 28 வான்ட்ஸ்வர்த் ஜெயில்ல பென்ட்லியைத் தொங்க விட்டாங்க. 1998-ல அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பே செல்லாதுன்னுச்சு. 45 வருஷம் கழிச்சு!

சுட்டவன் என்ன ஆனான்னு கேப்பீங்க. இப்ப சவுத்போர்ட் பையனுக்குக் குடுத்திருக்கற அதே வகைத் தண்டனைதான், ‘ராணியார் விருப்பம் உள்ளவரை காவல்’, 18-க்குக் கீழ கொலை பண்ணவங்களுக்குப் போடற ஆயுள் மாதிரி. 10 வருஷத்துல 1963-ல வெளிய வந்தான், ப்ளம்பர் வேலை பாத்தான், அதுக்கப்புறம் ஒரு வம்புக்கும் போகல.

லெஸ்டர்_கொங்கு
ஐயா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா திருடப் போன இடத்துல சுட்டதும், டான்ஸ் கிளாஸ்ல போய் 6 வயசுக் குழந்தையைக் குத்தறதும் ஒண்ணா? இவன் ரூம்ல ரைசின் விஷம் செஞ்சு வெச்சிருந்தான், அல்கொய்தா கையேடு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ஒரு நாள் புத்தி கெட்டுப் போனவன் இல்ல இவன்.

க்ரொய்டன்_பெரியவர்
ஒண்ணு இல்லப்பா. ஒண்ணுன்னு நான் சொல்லல. தூக்குன்னு தம்பி சொன்னதுக்குத்தான் சொன்னேன்.

வெண்பா_அம்மா
நான் ப்ரெஸ்டன்ல இருக்கேன், சவுத்போர்ட் இங்கருந்து பக்கம். பொதுவா இந்த மாதிரி திரில எழுத மாட்டேன்.

அந்தக் கொலைக்கு அடுத்த வாரம் என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் மறந்துட்டீங்க. 18-க்குக் கீழன்னு பேரை வெளிய சொல்லல. அந்த இடைவெளில எவனோ ஒரு பொய்ப் பேரைப் போட்டு, படகுல வந்த அகதின்னு கிளப்பி விட்டான், மறுநாளே சவுத்போர்ட் மசூதி மேல கல்லு. அவன் கார்டிஃப்ல பொறந்தவன். கடைசில ஆகஸ்ட் 1 ஜட்ஜே பேரைச் சொல்லலாம்னு அனுமதிச்சார், எப்படியும் அடுத்த வாரம் 18 ஆகப் போறான்னு. அந்த வாரம் எங்க வீட்டுக்காரர் கடையை நாலு மணிக்கே ஷட்டர் இறக்கினார், வேலைக்கு நிக்கற பையனை நான் கார்ல கொண்டு போய் விட்டேன், அவனும் நம்ம ஊர்ப் பையன்தான், பின் சீட்ல தலையைக் குனிஞ்சே உக்காந்திருந்தான். பொதுமக்கள் கோவம் பொதுமக்கள் கோவம்னு சொல்றப்ப எனக்கு அந்தத் தலைதான் ஞாபகம் வருது. அண்ணா உங்களைச் சொல்லல. உங்க கோவம் எனக்கும் இருக்கு.

சட்டப்புலி
அக்கா சொன்னதுல இருந்து ஒண்ணு. கோவத்தை வெச்சுத் தண்டனை போட்டா என்ன ஆகும்னு இதே லிவர்பூல் ஏரியால ஏற்கனவே பாத்தாச்சு. 1993 பூட்டில் ஷாப்பிங் சென்டர், 2 வயசுக் குழந்தையை ரெண்டு 10 வயசுப் பசங்க கூட்டிட்டுப் போய்க் கொன்னாங்க. விசாரிச்ச ஜட்ஜ் 8 வருஷம்னார், தலைமை நீதிபதி 10 ஆக்கினார். சன் பேப்பர்ல ஒரு கூப்பன் அச்சடிச்சாங்க, வெட்டி கையெழுத்துப் போட்டு உள்துறை அமைச்சருக்கு அனுப்புங்கன்னு. கிட்டத்தட்ட 2,80,000 பேர். அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் 15 ஆக்கினார். கூப்பனைப் பாத்து தண்டனை நிர்ணயிக்க முடியாதுன்னு 1997-ல மேல்கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. மறுபடி 8-க்கே வந்து, 2001-ல ரெண்டு பேரும் புதுப் பேரோட வெளிய.

லெஸ்டர்_கொங்கு
வந்து? முழுசா சொல்லுங்க தம்பி. அதுல ஒருத்தன் 2010-ல மறுபடி உள்ள, குழந்தைங்க ஆபாசப் படம். விட்டாங்க, 2017-ல மறுபடி அதே. கூப்பன் வெட்டின 2,80,000 பேரும் முட்டாளா?

சட்டப்புலி
இன்னொருத்தன் மேல ஒரு கேஸும் கேள்விப்படல, அதையும் சேத்துத்தானே சொல்லணும். ரெண்டுல ஒண்ணுன்னு நீங்க கணக்கு போட்டா, ஃபிலடெல்ஃபியா கணக்கு இருக்கு. சிறுவயசுல பண்ணதுக்கு சாகுற வரைக்கும் ஜெயில்னு போட்டவங்கள, 2012, 2016 அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் விட ஆரம்பிச்சாங்க. வெளிய வந்த 174 பேரை ஆராய்ச்சி பண்ணதுல மறுபடி தண்டனை வாங்கினது 2 பேர்.

லெஸ்டர்_கொங்கு
எத்தனை வருஷம் உள்ள இருந்துட்டு வந்தாங்க அவங்க? 20, 30, 40 வருஷம். முடி நரைச்சு, முட்டி வலியோட வெளிய வந்தவன் கத்தி தூக்க மாட்டான்தான். உங்க கணக்கு என் கட்சிக்குத்தான் ஓட்டு போடுது தம்பி 😄

சட்டப்புலி
சரி அந்த பாயிண்ட் உங்களுக்கு. ஆனா அப்படிப் பாத்தா 52-ஏ போதும்னு ஆகுதே, ஹோல் லைஃப் எதுக்கு?

யாழ்ப்பெடியன்_ஹரோ
நீங்கள் ரெண்டு பேரும் வருசத்தை ஏலம் விட்டுக்கொண்டு இருங்கோ. எனக்கு 52-உம் ஒண்டுதான் 100-உம் ஒண்டுதான். கொலைக்கு முந்தின கிழமை நடந்ததைப் பாருங்கோ. ஜூலை 22, அவன் டாக்ஸி புக் பண்ணி தன்ர பழைய பள்ளிக்கூடத்துக்குப் போக வெளிக்கிட்டவன். தேப்பன் ஓடி வந்து டிரைவரிட்டக் கெஞ்சி, இவனைக் கொண்டு போகாதேங்கோ எண்டு நிப்பாட்டினவர். நிப்பாட்டிப் போட்டு பொலிசுக்குச் சொல்லேல்ல. பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட பயம், விசாரணையில அவரே சொன்னவர். சரி தேப்பனை விடுங்கோ. தீவிரவாதப் பக்கம் போறவையைப் பாக்கிற ‘ப்ரிவென்ட்’ திட்டத்துக்கு அவன்ர பேர் மூண்டு தரம் போயிருக்கு. ஒரு கொள்கையும் தெரியேல்ல எண்டு மூண்டு தரமும் ஃபைலை மூடிப்போட்டினம். 13 வயசில ஹொக்கி மட்டையோட பள்ளிக்கூடத்துக்குள்ள பூந்து ஒரு பெடியனுக்கு அடிச்சவன். இவ்வளவும் கடுதாசியில கிடந்தது அண்ணை.

லெஸ்டர்_கொங்கு
மிச்சிகன் கேஸ்ல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் 10-ல இருந்து 15 வருஷம் போட்டாங்களே, அதை இங்கயும் போடணும்னு சொல்றீங்களா?

யாழ்ப்பெடியன்_ஹரோ
அங்க தேப்பன்தானே நாலு நாளைக்கு முந்தி துவக்கு வாங்கிக் குடுத்தது. இஞ்ச அப்பிடி இல்லை. எனக்குத் தெரியேல்ல அண்ணை. என்ர பெடியனுக்கு 16. அறைக் கதவைப் பூட்டிப்போட்டு இருப்பான். நான் அந்தத் தேப்பன்ர இடத்தில இருந்தா ஃபோனை எடுத்திருப்பனோ எண்டு சத்தியமாத் தெரியேல்ல.

வெண்பா_அம்மா
வாரிங்டன் பக்கம் 2023 பிப்ரவரில பார்க்ல ஒரு 16 வயசுப் பொண்ணைக் கொன்னாங்களே, ஒரு பொண்ணு ஒரு பையன், ரெண்டு பேருக்கும் 15 வயசு. ஜட்ஜ் 22, 20 வருஷம் குடுத்து பேரையும் வெளியிட்டார். செத்துப் போன பொண்ணோட அம்மா, கொன்ன பொண்ணோட அம்மாவைப் போய்ப் பாத்தாங்க. ரெண்டு அம்மாவும் உக்காந்து பேசினாங்க. நான் அந்தச் செய்தியை ரெண்டு தடவை படிச்சேன், என்னால முடியாதுன்னு தோணுச்சு.

மதுரைக்காரன்_82
அக்கா அது அவங்க பெரிய மனசு, எல்லாரும் அப்படி இருக்க முடியுமா

வெண்பா_அம்மா
அதத்தான் தம்பி சொன்னேன், என்னால முடியாதுன்னு.

லெஸ்டர்_கொங்கு
யாழ் அண்ணா, நீங்க சொன்னதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ணல. ப்ரிவென்ட் விஷயத்துல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, அந்த ஃபைலை மூடுனவங்க பேரு எதுவும் எந்தக் கூண்டுலயும் வராதுங்கறதும் எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா 2076 கவர் விஷயத்துல நான் இன்னும் அதே இடத்துலதான் நிக்கறேன். சட்டப்புலி அதுக்கு இன்னும் பதில் சொல்லல.

சட்டப்புலி
அதுக்கு என்கிட்ட பதில் இல்ல அண்ணா. கவர் போகும். போகக் கூடாதுதான்.

க்ரொய்டன்_பெரியவர்
அந்த டான்ஸ் டீச்சர், குத்துப்பட்டுப் பொழைச்சவங்க, இப்ப சமையல் கத்திக்கு முனை எதுக்கு, உருண்டையா செஞ்சா போதாதான்னு ஊர் ஊராப் பேசிட்டிருக்காங்க. போன மாசம் நானும் ஒண்ணு வாங்கினேன். வெங்காயம் நல்லாத்தான் நறுக்குது. மீன் சுத்தம் பண்ண மட்டும் கொஞ்சம் கஷ்டம்.