கப்பலில் அடிபட்ட தம்பிக்கு இழப்பீடு: எவ்வளவு காலம் ஆகும்?

வணக்கம். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு, கப்பலைத் துறையில் கட்டும்போது மூரிங் கயிறு அறுந்து முழங்காலில் அடித்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.

சிகிச்சைச் செலவைக் கம்பெனி கொடுத்தது, அதை மறுக்கவில்லை. சம்பளம்தான் 16 வாரத்தோடு நின்றுவிட்டது. இதற்குமேல் கால் தேறாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லி, ஊனத்தின் அளவை எழுதிக் கொடுத்த பிறகுதான் தொகையைக் கணக்கிட முடியும் என்கிறது பி அண்ட் ஐ கிளப் (கப்பல் உரிமையாளர்களின் காப்பீட்டு அமைப்பு) தரப்பு. அது நியாயம்தான். அவசரப்பட்டு முடித்துவிட்டு, பிறகு இன்னொரு ஆபரேஷன் என்றால் யார் கொடுப்பார்கள்? ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிறு தொகையைச் சொல்லி, 'எல்லாம் தீர்ந்தது' என்ற காகிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில், 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று உண்டு. ஊனத்தை மதிப்பிடுவது கடினமானால் இடைக்காலத் தொகை தர வேண்டும், குறைத்து வாங்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்கிறது அது. இதைக் காட்டி யாராவது வாங்கியிருக்கிறீர்களா? மதிப்பீட்டுக்குப் பின் பணம் கைக்கு வர எத்தனை மாதம் ஆனது?

வழக்குக்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பேச்சுவார்த்தையிலேயே அது கடந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. விபத்து அறிக்கை, வேலை ஒப்பந்தம், மருத்துவக் குறிப்புகள் கையில் உள்ளன. வேறென்ன சேகரிக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.