காது கேளாத மாணவரின் ஆய்வுச் செலவு யார் கணக்கில்?

கணக்குப்பிள்ளை:
கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைப் பங்கிடும் குழு ஒன்றில் இருக்கிறேன். இளநிலை மாணவர் ஒருவர், வழிகாட்டியாக ஒரு பேராசிரியர், சில வார ஆய்வு, அவ்வளவுதான் திட்டம். இந்த முறை காது கேளாத மாணவி ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். மதிப்பெண்ணும் சரி, எழுதிக் கொடுத்த ஆய்வுத் திட்டமும் சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. இடிப்பது பட்ஜெட்தான். சைகைமொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவு அவருடைய உதவித்தொகையையே தாண்டிவிடுகிறது. வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் இரண்டு பேர் வேண்டுமாம், மாற்றி மாற்றிச் செய்வதற்கு. அந்தப் பணத்தில் இன்னும் சில மாணவர்களைச் சேர்க்கலாம்.

என் நிலைப்பாடு இதுதான்: உதவித்தொகை எல்லோருக்கும் ஒன்றே. பெயர்ப்பாளர் செலவை ஆய்வு நிதியில் ஏற்றக்கூடாது. மாணவியைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் தன் ஆய்வு மானியத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டும். திட்ட வருகிறவர்கள் கணக்கையும் பார்த்துவிட்டுத் திட்டவும்.

ஆய்வகவாசி:
திட்டவில்லை. ஆனால் "பேராசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிற அந்த ஒரு வரியில்தான் காரியம் கெடுகிறது.

எங்கள் மானியத்தில் எது எதற்கு எவ்வளவு என்று முன்பே எழுதிக் கொடுத்திருப்போம். ரசாயனம், கருவி நேரம், ஆராய்ச்சி மாணவர் சம்பளம். அதிலிருந்து பெயர்ப்பாளருக்குக் கொடு என்றால் எந்தப் பேராசிரியரும் "காது கேளாதவர் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "இந்தக் கோடையில் ஆய்வகத்தில் இடமில்லை" என்பார். அதை யாரும் தவறென்று நிரூபிக்க முடியாது. தேர்ந்தெடுத்தவர் தலையில் செலவைக் கட்டினால், தேர்ந்தெடுப்பதற்கே அபராதம் போட்ட மாதிரி.

வேறு வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில், அவர்கள் நிதியில் நடக்கும் ஆய்வில் மாற்றுத்திறனாளி ஒருவர் பங்கேற்றால் உதவியாளருக்கும் கருவிகளுக்கும் தனியாகப் பணம் கேட்க வழி வைத்தார்கள். வழிகாட்டியின் ரசாயனப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. அங்கே 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், கூட்டாட்சி நிதி வாங்கும் நிறுவனத்தின் மேல்தான் பொறுப்பை வைக்கிறது. தனிப்பட்ட ஆசிரியரின் தாராள மனத்துக்கு விட்டுவிடவில்லை.

வேகநடை:
இரண்டு பேரும் பழைய காலத்துச் செலவைப் பற்றியே பேசுகிறீர்கள். கைபேசியை மேசையில் வைத்தால் பேச்சு எழுத்தாக ஓடுகிறது. பெயர்ப்பாளர் எதற்கு?

இன்னொன்று. 1975இல் வேதியியல் நோபல் வாங்கிய ஜான் கார்ன்ஃபோர்த் காது கேளாதவர். அவருக்கு எந்தக் குழு தனி நிதி ஒதுக்கியது? திறமை இருக்கிறவர் எப்படியும் வந்துவிடுவார்.

கண்ணால்கேட்பவள்:
நான் காது கேளாதவள். இளநிலையில் இப்படி ஒரு கோடைத் திட்டத்தில் இருந்தேன், இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன்.

முதலில் கார்ன்ஃபோர்த். 1939இல் அவரும் ரீட்டா ஹாரடென்ஸும் உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போனார்கள். ரீட்டாவும் வேதியியலாளர், பிறகு மனைவி, வாழ்நாள் முழுக்கக் கூட்டு ஆய்வாளர். காது கேளாமையால் வரும் தொடர்புச் சிரமங்களை மனைவிதான் பெருமளவு குறைத்தார் என்று நோபல் தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். ஆக உதவி இருந்தது. பில் மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் வேதியியல் படித்த வாழ்க்கைத்துணை அமையட்டும் என்பதுதான் உங்கள் திட்டமா?

அடுத்து கைபேசி. ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். வாரக் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பின்னால் காற்றிழுக்கும் விசிறி இரையும், நடுவில் ஒரு நொதியின் பெயர் வரும். திரையில் ஓடுவது எந்த மொழி என்றே தெரியாது. அதைவிட முக்கியமானது, அது ஒருவழிப் பாதை. அவர்கள் சொல்வது எனக்கு வரும். நான் சைகையில் கேட்கும் கேள்வி அவர்களுக்கு எப்படிப் போகும்? ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி கேட்காதவளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

வேகநடை:
தட்டச்சு செய்து காட்டலாமே.

கண்ணால்கேட்பவள்:
காட்டலாம். தட்டி முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த படத்துக்குப் போயிருக்கும்.

வகுப்பறையும் ஆய்வகமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கு அட்டவணை உண்டு, அதைப் பார்த்துப் பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிடலாம். ஆய்வகத்தில் எது எப்போது வாயிலிருந்து விழும் என்று யாருக்குத் தெரியும்? மையவிலக்கியிலிருந்து எடுத்த குழாயின் அடியில் கடுகளவு வீழ்படிவு ஒட்டியிருக்கும். அதைக் கலைக்காமல் மேலே இருக்கும் திரவத்தை பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். கேட்கிறவர்கள் கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து" என்பதைக் காதால் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். பெயர்ப்பாளரைப் பார்த்தால் குழாயைக் கோட்டைவிடுவேன், குழாயைப் பார்த்தால் பேச்சைக் கோட்டைவிடுவேன்.

என் வழிகாட்டி இதைப் பிடித்துக்கொண்டார். முதலில் முழுவதும் சொல்வார், பிறகு வாயை மூடிக்கொண்டு செய்துகாட்டுவார், அப்புறம் என் முறை. வழியில் தோன்றுவதை ஃபியூம் ஹூட் எனப்படும், புகையை வெளியே இழுக்கும் பெட்டியின் கண்ணாடிக் கதவில் மார்க்கரால் எழுதுவார். கருவியின் அலாரத்தோடு ஒரு மினுக்கு விளக்கை இணைத்தோம். இதற்கெல்லாம் செலவு சொற்பம். ஆனால் அவருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால் தொடக்க வாரங்கள் வீணாகியிருக்காது.

கையால்பேசுபவன்:
சைகைமொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொல்லும் செலவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி எப்படி வீணாகிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியும்.

முன்பதிவு நாள்வாரியாக நடக்கிறது. திங்கள் ஒருவர், செவ்வாய் வேறொருவர், யாருக்கும் ஆய்வுக் கட்டுரையையோ படங்களையோ முன்கூட்டி அனுப்புவதில்லை. ஆய்வுச் சொற்கள் பலவற்றுக்கு எல்லோரும் ஏற்ற சைகை கிடையாது. மாணவியும் நானும் உட்கார்ந்து "இதற்கு இது" என்று முடிவு செய்துகொள்வோம். மறுநாள் புது ஆள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. அவர் ஒவ்வொரு சொல்லையும் விரலால் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார், பேராசிரியர் மூன்று வாக்கியம் தாண்டியிருப்பார். மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கோடை முழுக்க அதே இரண்டு பேரைக் கொடுங்கள், பத்து நாளுக்கு முன்பே கட்டுரையைக் கொடுங்கள்.

நேர்கோடு:
எனக்கு வேறு கோணத்தில் ஆட்சேபம். தனி நிதி என்று ஆரம்பித்தால் தனித் திட்டம் என்று முடியும். காது கேளாத மாணவர்களை ஒன்றாகச் சேர்த்து, சைகை தெரிந்த வழிகாட்டிகளிடம் விட்டு, அதற்கு ஆய்வுப் பயிற்சி என்று பெயர். வெளியே வந்தால் எல்லா ஆய்வகமும் பேசுகிற ஆய்வகம்தான். அதற்குப் பழக்காமல் பொத்திப் பொத்தி வளர்ப்பது உதவியா?

கண்ணால்கேட்பவள்:
பத்துப் பேர் இருக்கும் ஆய்வகத்தில் ஒரே காது கேளாதவளாக நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மாலையில் கண் எரியும். வேலை பார்த்த களைப்பு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் யார் பேசுகிறார் என்று தேடித் தேடித் திரும்பிய களைப்பு. காபி இடைவேளையில் பேசித் தீர்மானித்த சோதனை மறுநாள் காலை எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தவிர.

சேர்ந்து இருப்பதால் ஆய்வே மாறும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. காது கேளாதோருக்காக அமெரிக்காவில் 1864இல் தொடங்கிய காலடெட் கல்லூரியில் 1965இல் அமெரிக்க சைகைமொழி அகராதி ஒன்று வந்தது. அதை எழுதியவர் என்று எல்லோரும் சொல்வது வில்லியம் ஸ்டோக்கியின் பெயரை. அவர் காது கேட்பவர். கூடவே எழுதிய கார்ல் குரோனபெர்க், டோரதி காஸ்டர்லைன் இருவரும் காது கேளாதவர்கள். அவர்கள் அந்த அறையில் இல்லாமல் அந்த அகராதி வந்திருக்குமா?

ஆய்வகவாசி:
நேர்கோடு இதை இரண்டில் ஒன்று என்று வைப்பது சரியில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்துக்குள்ளேயே காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1965இல் சட்டம், 1968இல் முதல் மாணவர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட காது கேளாத மாணவர்கள் கேட்கும் மாணவர்களோடு ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். முதல் கோடை கூட்டமாக, அடுத்தது ஏதோ ஒரு சாதாரண ஆய்வகத்தில் என்று போனால் என்ன குறைந்துவிடும்?

நேர்கோடு:
அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் அது நடக்கும். ஒரே ஒரு மாணவி இருக்கும் கல்லூரியில் கூட்டத்துக்கு எங்கே போவது? அங்கே நீங்கள் சொல்லும் இரண்டாவது கோடைதான் முதல் கோடையும். என் ஆட்சேபம் அப்படியேதான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சரி, பேராசிரியர் மானியத்திலிருந்து என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். "இடமில்லை" என்ற பதிலை நானே கேட்டிருக்கிறேன், அதன் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்ததில்லை. ஆனால் உதவித்தொகைப் பணத்தில் கை வைக்க இப்போதும் சம்மதம் இல்லை. அதில் கை வைத்தால் வேறொரு ஏழை மாணவருக்கான பணம்தான் போகும்.

குழுவில் இப்படிச் சொல்லப் போகிறேன். உதவிச் செலவு தனித் தாளில் வரட்டும். தேர்வு முடியும்வரை அந்தத் தாளை மதிப்பிடுபவர்கள் யாரும் பார்க்கக்கூடாது. தேர்வானபின் அது நிறுவனத்தின் பொது நிதிக்குப் போகட்டும். பெயர்ப்பாளரா, பேச்சை உடனுக்குடன் தட்டச்சு செய்யும் எழுத்துப் பதிவாளரா, கருவியா என்று மாணவியே எழுதட்டும், ஏனென்றால் எல்லோரும் சைகை பயன்படுத்துகிறவர்கள் இல்லையே. நிறுவனம் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு சண்டை.

கண்ணால்கேட்பவள்:
அந்தத் தாளில் இறுதி நாள் சுவரொட்டி விளக்கக் கூட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள் ஐயா. ஆய்வு முடிந்தது என்று அதற்கு முந்தைய நாளோடு பெயர்ப்பாளரை நிறுத்திவிடுவார்கள். சுவரொட்டிக்கு முன்னால் நிற்பேன், வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கையால்பேசுபவன்:
அன்றைக்கும் அதே இரண்டு பேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.