எர்ணாவூர் வீட்டுக் குழு: அத்திப்பட்டில் எரிந்த பொக்லைன்

விஜயா, காலை 6:48
அண்ணி, நேற்றிரவு அத்திப்பட்டுப் பக்கம் சீமைக்கருவேலம் அகற்றிக்கொண்டிருந்த ஒரு பொக்லைன் எரிந்துபோய்விட்டது. நம்முடையது இல்லை, பயப்படாதீர்கள். இவருக்குப் பழக்கமானவருடைய வண்டி. இவர் இரவே ஓடிப்போய், விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

தனலட்சுமி, காலை 6:55
முருகா! ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? யாராவது பீடியை அணைக்காமல் போட்டுவிட்டார்களா?

பாஸ்கர், காலை 7:20
யாருக்கும் காயமில்லை அக்கா. பீடியும் இல்லை. மாலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். ஏழு மணிக்கு மேல் வாட்ச்மேன் புகையைப் பார்த்திருக்கிறார். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கேபின் உருகிவிட்டது. "நிறுத்தி வைத்த வண்டி எப்படித் தானாக எரியும்?" என்று அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மணி, காலை 7:41
மாமா, காடு வெட்டும் வேலையில் வண்டி நிறுத்திய பிறகு எரிவது புதிதல்ல. ஓடும்வரை ஃபேன் காற்றைத் தள்ளும், ரேடியேட்டர் தண்ணீர் சூட்டை இழுக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டும் நின்றுவிடும். என்ஜின் புகையால் சுழலும் டர்போவில் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் என்ஜின் மூடிக்குள்ளேயே தங்கும். நாள் முழுக்கப் பாரம் இழுத்த டர்போ 500 டிகிரியைத் தாண்டியிருக்கும். காய்ந்த சருகு பற்றிக்கொள்ள அவ்வளவு சூடு தேவையே இல்லை.

மணி, காலை 7:44
சீமைக்கருவேல இலை பொடிப்பொடியாக உதிரும். எந்த இடுக்கிலும் நுழையும். என்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டில் போய்ச் சேரும். மேலிருந்து டீசலும் எண்ணெயும் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கும். விளக்குத் திரியை எண்ணெயில் ஊறவைத்த மாதிரிதான். உள்ளே ஒரு மணி நேரம் கனன்றுகொண்டிருந்தாலும் வெளியே தெரியாது. கடல் காற்று அடித்தவுடன் பிடித்துக்கொள்ளும்.

தனலட்சுமி, காலை 7:50
தம்பி, நீயும் திங்கட்கிழமை மீஞ்சூரில் அதே வேலையைத்தானே தொடங்கப் போகிறாய்? கத்திரி வெயில் கொளுத்துகிறது.

பாஸ்கர், காலை 7:52
ஆமாம் அக்கா. மழைக்கு முன் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

மணி, காலை 7:53
வண்டி எர்ணாவூர் யார்டில்தானே நிற்கிறது? மாதவரத்திலிருந்து இப்போதே கிளம்புகிறேன். அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

கார்த்திக், காலை 8:15
மாமா, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் பொக்லைன் பாலிசியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எரிந்த வண்டியின் முதலாளியிடமும் ஒன்று சொல்லுங்கள்: நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அந்த வண்டியில் எதையும் நகர்த்தக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தகவல் போக வேண்டும். தீயணைப்பு நிலையத்தின் சான்றும் அவசியம்.

பாஸ்கர், காலை 8:31
(புகைப்படம்)
சரிதானா பார், கார்த்திக்.

கார்த்திக், காலை 8:40
கட்டுமான இயந்திரங்களுக்கான பாலிசிதான், தீ விபத்தும் இதில் அடங்கும். ஆனால் காப்பீட்டுத் தொகை 30 லட்சம் என்று இருக்கிறதே, அது நீங்கள் பழைய வண்டியாக வாங்கிய விலையா?

பாஸ்கர், காலை 8:42
ஆமாம். ஏஜென்ட் வாங்கிய பில்லைத்தான் கேட்டார்.

கார்த்திக், காலை 8:49
அங்கேதான் சிக்கல் மாமா. இந்தப் பாலிசியில் எழுத வேண்டிய தொகை, இதே திறனுள்ள புது வண்டி இன்று என்ன விலையோ அது. கொண்டுவந்து சேர்க்கும் செலவும் வரியும் அதில் சேரும். பேச்சுக்கு 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதிக்குத்தான் காப்பீடு எடுத்ததாக ஆகும். தீயில் வயரிங்கும் கேபினும் போய் 10 லட்சம் செலவானால் 5 லட்சம்தான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கைக் கழித்துக்கொள்வார்கள்.

தனலட்சுமி, காலை 8:55
60 லட்சம் என்று எழுதினால், முழுதாக எரிந்தால் 60 லட்சம் தருவார்களா?

கார்த்திக், காலை 8:58
தரமாட்டார்கள் அம்மா. முழு நஷ்டம் என்றால், எரிவதற்கு முன் அந்த வண்டி சந்தையில் என்ன விலை போகுமோ அதுதான். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அந்தப் பணம் முதலில் வங்கிக்குப் போகும்.

தனலட்சுமி, காலை 9:01
புது விலைக்குப் பிரீமியம் வாங்கிக்கொண்டு பழைய விலையைக் கொடுப்பது என்ன நியாயம்? கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவன் வயிறு எரியாதா?

கார்த்திக், காலை 9:06
உங்கள் கோபம் புரிகிறது அம்மா. ஆனால் சீக்கிரம் கண்டு அணைத்துவிட்டால் வண்டி பாதியோடு தப்பும். அப்போது பழுதுச் செலவு முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் புது விலைதான் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று: ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது அழுத்த எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய், வெடித்தால் ஹோஸுக்குப் பணம் கிடையாது, அது தேய்மானம். அதனால் தீப்பிடித்து மற்ற பாகங்கள் எரிந்தால் அதற்குக் கேட்கலாம். பக்கத்து நிலத்துக்கோ குடிசைக்கோ தீ பரவினால் அந்த நஷ்டம் இதில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இல்லை.

விஜயா, காலை 9:10
பாலிசியை மாற்றாமல் திங்கட்கிழமை வண்டி கிளம்பக் கூடாது. முன்பணம் கொடுத்தவரிடம் நானே பேசுகிறேன்.

மணி, காலை 10:37
(புகைப்படம்)
(புகைப்படம்)
இதைப் பாருங்கள். அடித்தகட்டிலிருந்து ஒரு சாக்கு நிறைய வந்தது. மேலே காய்ந்த இலை. அதற்குக் கீழே காய், சுள்ளி, முள். எல்லாவற்றுக்கும் அடியில் தார் மாதிரிக் கறுப்பாக ஓர் அடுக்கு, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, டீசல் வாடை. இரண்டாவது படத்தில் ஸ்டார்ட்டர் வயர். பிராக்கெட்டில் உரசி உரசி மேல் உறை போய்ச் செம்பு தெரிகிறது.

விஜயா, காலை 10:39
ஐயோ! சென்ற மாதம்தானே சர்வீஸ் செய்தார்கள்?

மணி, காலை 10:46
ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருப்பார்கள் அக்கா. இந்தத் தகட்டை யாரும் கழற்றுவதில்லை. காடு வெட்டும்போது தினமும் ஏர் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், தகட்டையும் அடிக்கடி இறக்க வேண்டும். ஹோஸ்களையும் பார்க்கிறேன். உள்ளே எண்ணெயின் அழுத்தம் 300 பார் என்ற அளவைத் தாண்டும். ஊசித் துளை விழுந்தாலே எண்ணெய் பனி மாதிரிப் பீய்ச்சும், டர்போவில் பட்டால் அந்த நிமிடமே தீ. பேட்டரிக்கு மெயின் சுவிட்ச் போடுகிறேன், இரவில் அதை அணைத்துவிட்டுத்தான் ஆபரேட்டர் போக வேண்டும்.

பாஸ்கர், காலை 10:50
அணைப்பான் ஒன்று கேபினில் இருக்கிறது.

மணி, காலை 10:54
என்ஜின் எரியும்போது கேபினுக்குள் யார் ஏறுவது மாமா? தரையில் நின்றபடி எடுக்கும் இடத்தில் இன்னொன்று வேண்டும். அணைப்பானில் இருக்கும் பவுடர் சுவாலையைத்தான் அடக்கும். அடியில் கனலும் சருகு திரும்பவும் பிடிக்கும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகு சருகின் மேல் தண்ணீர் ஊற்றி நன்றாக ஆறவைக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் ஒரு தண்ணீர் டேங்கர் நிற்கட்டும். வெட்டிப் போட்ட முட்குவியல் பக்கத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது, வெறும் மண்ணில் நிறுத்த வேண்டும்.

தனலட்சுமி, காலை 11:05
ஆபரேட்டர் தம்பியிடம் இதையெல்லாம் செய் என்று சொன்னால் போதாது பாஸ்கர். வண்டி ஓடும் மணிக்குத்தான் அவனுக்குக் கூலி. நிறுத்திய பிறகு பசியோடு ஒரு மணி நேரம் சும்மா காவல் நிற்க அவனுக்கு என்ன தலையெழுத்தா? சுத்தம் செய்யும் நேரத்துக்கும் காவல் நிற்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடு.

கார்த்திக், காலை 11:12
அம்மா சொல்வதுதான் சரி. சுத்தம் செய்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, போனில் ஒரு படமும் எடுத்து வைக்கட்டும். வண்டியை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. சர்வேயர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்.

பாஸ்கர், மதியம் 12:20
ஏஜென்டிடம் பேசிவிட்டேன். தொகையை உயர்த்தி, அக்கம்பக்க நஷ்டத்தையும் சேர்த்து நாளைக்குக் கணக்கு அனுப்புகிறார். மீஞ்சூர் வேலை வியாழக்கிழமைதான். ஆபரேட்டரிடமும் சொல்லிவிட்டேன்: ஐந்தரைக்கு நிறுத்த வேண்டும், ஏழு மணி வரை சம்பளம் உண்டு. அந்த அத்திப்பட்டு மனிதருடைய பாலிசியும் பழைய விலைக்குத்தான் இருக்கிறது, கார்த்திக். உடைந்துபோயிருக்கிறார்.

கார்த்திக், மதியம் 12:31
முதலில் கிளெய்ம் கொடுக்கட்டும். அநியாயமாக மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவர்களின் புகாரையும் அங்கே எடுப்பார்கள். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணமும் வக்கீலும் வேண்டாம். மாலை நாலு மணிக்கு பாரிமுனையில் வேலை முடிந்துவிடும், நேரே அவர் வீட்டுக்கு வருகிறேன். இடத்தை அனுப்புங்கள் மாமா.

பாஸ்கர், மதியம் 12:33
அனுப்புகிறேன். பாலிசியும் ஆர்சி நகலும் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

கார்த்திக், மதியம் 12:35
டயர் இல்லாமல் செயினில் ஓடும் வண்டிக்கு ஆர்சி இருக்காது மாமா. வாங்கிய பில்லும் வங்கிக் கடிதமும் போதும்.