சாலை விரிவாக்கப் பணியால் ஓடை கலங்குவதைத் தடுப்பது எப்படி?

கேள்வி:
மலைச்சரிவில் நடைபெறும் சாலை விரிவாக்கப் பணியை நான் மேற்பார்வையிட்டு வருகிறேன். சாலைக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்துதான் மக்கள் குடிநீர் எடுக்கின்றனர். மண் வெட்டிய பகுதியின் கீழ்விளிம்பு நெடுகிலும் வண்டல் தடுப்புத் துணி கட்டியிருந்தும், ஒவ்வொரு மழைக்கும் ஓடை செந்நிறமாகக் கலங்கிவிடுகிறது. இன்னொரு வரிசை துணி கட்டினால் சரியாகுமா?

பதில் 1:
அதனால் பெரிய பயன் இராது என்றே கருதுகிறேன். அந்தத் துணியின் முக்கிய வேலை வடிகட்டுவதன்று. நீரைச் சற்றுத் தேக்கி, மண் அடியில் படிய அவகாசம் தருவதுதான். 0.1 மி.மீ. மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடங்கள் போதும், 0.002 மி.மீ. களிமண் துகளுக்கோ 3 நாள்கள் வரை ஆகும். அது நீரில் கலந்துவிட்ட பிறகு எத்தனை வரிசை கட்டினாலும் பிடிபடாது. ஆகவே, வெட்டுப் பகுதிக்கு மேலே சரிவின் குறுக்கே ஒரு வாய்க்கால் எடுத்து, மேட்டிலிருந்து இறங்கும் தெளிந்த நீர் வெறும் மண்ணைத் தொடாதபடி திருப்பிவிடுங்கள். வாய்க்கால் முடியும் இடத்தில் கல் பரப்பாவிட்டால் அங்கேயே புதிய அரிப்பு தொடங்கும். முழு நீளத்தையும் ஒரே சமயத்தில் வெட்டிப்போடாமல், ஒரு பகுதியை முடித்து வைக்கோல் மூடாக்கு இட்ட பின் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். துணியின் அடிவிளிம்பு மண்ணில் 15 செ.மீ. அளவுக்காவது புதைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையெனில் நீர் அடியில் நுழைந்து ஓடிவிடும். சிறுபாலத்திற்குக் கான்கிரீட் போடும்போது கலவை இயந்திரத்தைக் கழுவும் நீரை ஓடைப் பக்கம் விடவே கூடாது. அதன் காரத்தன்மை பி.எச். 12 வரை செல்லும், மீன்கள் பிழைக்கமாட்டா. நீர் கசியாத தாள் விரித்த குழியில் அதைத் தேக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மேல் வாய்க்கால் எங்கள் வரைபடத்திலேயே இல்லை. அதைச் சேர்க்கும்படி கோருகிறேன். பணி முடிந்த பின் பராமரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 3:
பக்க வடிகாலைத் தூர்வாரும்போது புல்லையும் சேர்த்துச் சுரண்டிவிடும் வழக்கம்தான் எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. அடைத்திருக்கும் வண்டலை மட்டும் அள்ளி, சரிவில் வேர்பிடித்த புல்லை விட்டுவையுங்கள். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது ஓடைக்கே போய்ச் சேரும். மழை வரும் அறிகுறி இருந்தால் தார்ப் பூச்சு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.