30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம்

குடிநீரில் கிருமி கொல்ல ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஊராட்சிகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். கணக்கில் யாரும் தவறுவதில்லை, போடும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பவுடரை அப்படியே டேங்குக்குள் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும், மோட்டார் ஓடித் தண்ணீர் விழும்போதே ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். வண்டலையும் சேர்த்து ஊற்றினால் குழாயில் வெள்ளையாக வரும், ஊரே திரண்டு வரும். அரை மணி நேரம் கழித்தே ஊருக்குத் தண்ணீர் விடும் கேட் வால்வைத் திறக்க வேண்டும்.

*

மேலே சொன்ன 120 கிராம் புதுப் பவுடருக்கு. அதில் குளோரின் சுமார் 33 சதவீதம், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வரும். வாய் கட்டாத மூட்டை மோட்டார் ரூமில் ஒரு மழைக்காலம் கிடந்தால் பாதி தேறுவதே சந்தேகம். நெடி குறைந்து ஈரக்கட்டியாகிவிட்டால் அளவை நம்பாதீர்கள். மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில், பலகை மேல், ஸ்டார்ட்டர் பெட்டியை விட்டுத் தள்ளி வைக்கவும். நெடி பட்டால் காண்டாக்ட் அரித்துப்போகும்.

குளோரின் மிச்சமிருக்கிறதா என்ற சோதனையை டேங்க் அடியில் செய்து பிரயோசனமில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, குளோரோஸ்கோப் (நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளவு பார்க்கும் பெட்டி) டியூபில் பிடித்து, குளோரின் பட்டால் மஞ்சளாகும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டதும் மஞ்சளைப் பாருங்கள். தாமதித்தால் நிறம் ஏறி, இல்லாத குளோரினையும் இருப்பதாகக் காட்டும். இந்தியத் தரப்படி அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும்.

*

டேங்க் பக்கம் 1 மில்லிகிராம், கடைசிக் குழாயில் பூஜ்யம் என்றால் பவுடரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். முன் தெருக்காரர்கள் வாடை தாங்காமல் அந்தத் தண்ணீரையே ஒதுக்கிவிடுவார்கள். குழிக் குழாய்களைப் பாருங்கள். பிரஷர் போதாத வீடுகளில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தியிருப்பார்கள். சப்ளை நின்றதும் லைன் காலியாகும்போது, குழியில் தேங்கிய அழுக்கை அது உள்ளே உறிஞ்சும். அந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். தெருவை இரண்டாகப் பிரித்து வால்வு போட்டு முறைவைத்து விட்டால் பிரஷர் ஏறும். குழாயைத் தரைக்கு மேலே தூக்கச் சொல்லலாம். அதற்கப்புறமும் பூஜ்யம்தான் என்றால் பைப் எங்கோ உடைந்திருக்கலாம். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் முதலில் தோண்டுங்கள்.